மாமல்லபுரத்தில் ‘ஒற்றைக்கல்’ பிள்ளையார் வாங்கப் போகிறீர்களா? மூஞ்சூறின் காதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாமல்லபுரத்தில் ஒரு சிலைக் கடையில் 16,500 ரூபாய் கொடுத்துப் பத்து அங்குலப் பிள்ளையார் ஒன்று வாங்கினேன். ‘ஒரே கருங்கல்லில் கையால் கொத்தியது’ என்றார்கள். அது கல்லே இல்லை. கல் பொடியையும் பிசினையும் கலந்து அச்சில் ஊற்றி, மேலே கறுப்பு பூசிய பொம்மை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு இந்தச் சரக்கு அந்த ஒரு கடையில் மட்டும்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஊர் தெரியாமல் போய் ஏமாந்தேன் என்றால்கூட மனம் ஆறும். மாமல்லபுரம் எனக்குப் பழகின ஊர். 2003-இல் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு பட்டறையில், உள்ளங்கை அளவுப் பிள்ளையார் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். கொத்தியவரே துடைத்து, பழைய தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேலாக அம்மா தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார், ஒரு கீறல் கிடையாது. அந்தத் தெம்பில்தான் ‘நமக்குத் தெரியாத கல்லா’ என்று போனேன்.

அன்று ஒரு புதன்கிழமை. மகன் கல்லூரிக்குப் போன பிறகு நானும் மனைவியும் அவசரமே இல்லாமல் கிளம்பினோம். வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இறங்கினோம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும், பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறிய இடம். ஓவியக் கூடத்தில் எங்களையும் ஒரு காவலாளியையும் தவிர யாரும் இல்லை. வெளியே மரத்தடியில் நிற்கும் கற்சிலைகளைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் நின்றாலும் நிழல் பட்ட பக்கம் சில்லென்றிருந்தது. இந்தச் சில்லென்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. 40 ரூபாய்ச் சீட்டு வாங்கினால் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். இரண்டையும் பார்த்தோம். ஒத்தவாடைத் தெருவில் மீன் சாப்பாடு. துணிக்கடை, வெள்ளி நகைக்கடை, படக்கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். எதுவும் வாங்கவில்லை. சங்கு, சிப்பிக் கடை ஒன்றில் பவளப்பாறைத் துண்டை ‘வீட்டுக்கு ராசி’ என்று நீட்டினார்கள். அதை விற்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வாங்கி வராதீர்கள்.

பிறகு அர்ஜுனன் தபசு. எத்தனை முறை பார்த்தாலும் நான் தேடுவது அந்தப் பூனையைத்தான். பெரிய யானைக்குப் பக்கத்தில் பின்னங்காலில் நின்றுகொண்டு, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும். சுற்றிலும் எலிகள். உருத்திராட்சப் பூனை என்று நாம் வாயால் சொல்வதைப் பல்லவ நாட்டுச் சிற்பி கல்லிலேயே செய்து வைத்துவிட்டான். மனைவியிடம் பத்து நிமிடம் அதைப் பற்றி விளக்கினேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கப் போகிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர். “கார் நிறுத்தின இடத்துல விட்டுடறேன் சார், காசு வேணாம். வழியில ஒரு சிற்பக் கூடம், சும்மா பாத்துட்டு வாங்க, வாங்கணும்னு இல்ல.” காசு வேண்டாம் என்றவுடனேயே நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். கடைக்கு ஆள் கொண்டுவிட்டால் வாங்குகிற விலையில் அவருக்கு ஒரு பங்கு. அது நம் தலையில்தான் விழும்.

கடை வாசலிலேயே ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாக ஒரு யானையைக் கொத்திக்கொண்டிருந்தார். உண்மையான கருங்கல், உண்மையான வேலை. தூசு பறந்தது, உளிச் சத்தம் காதை நிறைத்தது. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறவனுக்கு, உள்ளே இருப்பதெல்லாம் அவர் கொத்தியது என்றே தோன்றும். கடைக்காரருக்கும் அதுதான் வேண்டும். அவர் வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை.

ஆனால் இவர் சொன்னார். “ஒற்றைக்கல் சார். பத்து நாள் வேலை. புவிசார் குறியீடு வாங்கின சிற்பம்.” மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்று அரசு தரும் சான்று) கிடைத்தது நிஜம். அது கொத்திய கல்லுக்குக் கிடைத்தது, அச்சில் ஊற்றியதற்கு இல்லை. நான் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரே பாறையில் செதுக்கிய ஐந்து ரதத்தைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் ‘ஒற்றைக்கல்’ என்ற சொல்லே என்னைக் கவிழ்த்துவிட்டது.

அலமாரியில் அதே அளவில் இரண்டு பிள்ளையார் இருந்தார்கள். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “ஏங்க, ரெண்டு மூஞ்சூறுக்கும் இடது காது ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு பாருங்க.”

கேட்டேன். கடைக்காரர் அசரவே இல்லை. “ஒரே ஸ்தபதி கை சார், அச்சு அசலா அப்படித்தான் வரும்.” அச்சு என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் தலையாட்டினேன். கையால் கொத்துகிற ஒருவர் ஒரே மாதிரி இரண்டு மூக்கு செய்யலாம். ஒரே தவறை ஒரே இடத்தில், ஒரே அளவில் இரண்டு முறை செய்ய மாட்டார். இது எனக்கு உறைத்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி தூரம் வந்த பிறகு. மனைவிக்குக் கடையிலேயே உறைத்துவிட்டது. நான்தான் “பேரம் நடக்கும்போது குறுக்கே பேசாதே” என்று கண்ணைக் காட்டினேன்.

ஆம், பேரம். 28,000-இல் ஆரம்பித்து 16,500-க்கு இறக்கினேன். இறக்க இறக்க எனக்குள் ஒரு பெருமை. பணத்தைக் கைப்பேசியில் செலுத்தியபோது திரையில் வந்தது கடைப் பெயரில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். ரசீது கேட்டேன், துண்டுச் சீட்டில் ‘கைவினைப் பொருள் – 1’ என்று எழுதிக் கொடுத்தார். கீழே ரப்பர் முத்திரை: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. ‘கருங்கல் சிலை’ என்று எழுதித் தரச் சொன்னபோது, “பில் புக்ல எல்லாத்துக்கும் அப்படித்தான் சார் எழுதுவோம்” என்றார். சரி என்று விட்டேன். சிலையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த வயதிலும் நமக்குத் தெம்பு இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா அபிஷேகத்துக்கு எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்ததும் துண்டில் கறுப்பு ஒட்டியது. “கல்லுக்குச் சாயம் போகுமாடா?” என்றார். சாயத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மாக்கல் சிலைக்கும் கறுப்பு மெருகு போடுவதுண்டு. அம்மா அதோடு விடவில்லை. இரண்டு பிள்ளையாரையும் ஆளுக்கொரு கையால் தொடச் சொன்னார். பழையது சில்லென்றிருந்தது. புதியது பிளாஸ்டிக் டப்பாவைத் தொடுவது போலிருந்தது.

அப்புறம் மகன் இறங்கினான். வாளியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அதை அகலமான பேசினில் வைத்து, சிலையைக் கயிற்றில் கட்டி முழுக்கினான். வழிந்த தண்ணீர் 2.4 லிட்டர். சிலையின் எடை 4.6 கிலோ. கருங்கல் என்றால் ஒரு லிட்டர் இடத்துக்கு 2.6, 2.7 கிலோ வரும். அப்படிப் பார்த்தால் என் பிள்ளையார் ஆறு கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். கடைசியாக ஊசியைச் சூடாக்கி அடிப்பாகத்தில் வைத்தான். ஊசி இறங்கியது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். காதுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக முடி கனத்தில் ஒரு கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். தும்பிக்கை மடிப்பில் குண்டூசித் தலை அளவுக் குழிகள், காற்றுக் குமிழி உடைந்தவை. இதெல்லாம் கடையிலும் அங்கேயே இருந்தவைதான்.

அடுத்த வாரம் சிலையோடு திரும்பப் போனேன். கடைக்குப் போகும் முன் ஐந்து ரதம் சாலையில் ஒரு பட்டறையில் காட்டினேன். அந்தப் பெரியவர் சிலையைக் கையில்கூட வாங்கவில்லை. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ‘டொக்’. பக்கத்தில் கிடந்த கருங்கல்லில் ஒரு தட்டு. மணி அடித்த மாதிரி கணீரென்றது. “நாங்க கல்லு எடுக்கும்போதே தட்டிப் பாத்துதான் சார் எடுப்போம். இது கல்லே இல்ல. பவுடர அச்சுல ஊத்தினது.” அவர் முகத்தில் என்னைப் பற்றிய பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம் தெரிந்தது. பத்து நாள் உட்கார்ந்து கொத்துவதை அவர் விற்க வேண்டியதும் இதே தெருவில்தானே.

கடையில் பேச்சு மாறிவிட்டது. “நாங்க கல்லுன்னு சொல்லவே இல்லையே சார், ‘ஸ்டோன் ஃபினிஷ்’னுதான் சொன்னோம். பில்லப் பாருங்க.” பில்லில்தான் ‘கைவினைப் பொருள்’ என்று இருக்கிறதே! முத்திரையையும் காட்டினார். கொஞ்சம் குரலை உயர்த்தியதும், பணம் கிடையாது, வேண்டுமானால் அதே விலைக்கு வேறு சிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு சிலையும் அதே அச்சுதானே. வெளியே வந்தேன்.

இதில் எல்லோருக்கும் பயன்படக்கூடியது இந்த முத்திரை விஷயம். ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்று அடித்துக் கொடுத்துவிட்டால் நம் உரிமை போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது. ரசீதில் கெடு எதுவும் போடாவிட்டால், திருப்பிக் கொடுக்க 30 நாள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். அதிலும் கடை இறங்கி வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. வாங்கிய தேதியிலிருந்து இரண்டு வருடம் வரை போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கடை இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

என் மனு கொஞ்சம் நொண்டுவது ரசீதில்தான். ஆகவே வாங்கும்போதே ‘கருங்கல், கையால் கொத்தியது, இத்தனை அங்குலம், இத்தனை கிலோ’ என்று கடைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். உண்மையான கல்லை விற்கிறவர் தயங்க மாட்டார். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பணம் போகும் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். தட்டிப் பாருங்கள், கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பேரமே வேண்டாம் என்றால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் அந்த ஊரிலேயே இருக்கிறது. அச்சு பொம்மையே பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொம்மை விலைக்கு வாங்குங்கள்.

பூஜையில் பழைய பிள்ளையார் தனியாகத் தன் இடத்தில் இருக்கிறார். புதியவர் அட்டைப்பெட்டிக்குள் ரசீதோடு, சாட்சியாக.

போன ஞாயிறு உறவினர் ஒருவர் புதுமனைப் புகுவிழாப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடத்து அலமாரியில் கறுப்பாக ஒரு பிள்ளையார். “மகாபலிபுரத்துல வாங்கினது, ஒரே கல்லு” என்று கீழே எழுதியிருந்தார். மனைவி கைப்பேசியைப் பிடுங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி மூஞ்சூறு வரை கொண்டுபோனாள். இடது காது.

என்ன விலை என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். 11,000-ஆம். என்னைவிட நன்றாகப் பேரம் பேசியிருக்கிறார்.