சாவியைப் பிடித்துக்கொண்ட கார்: மூன்று ஆண்டு அனுபவம்

முதல் முறை நடந்தபோது, தவறு என் கையில்தான் என்று நினைத்தேன். என்னுடையது ஆட்டோமேட்டிக் கார். அதை நிறுத்தி, கியர் லிவரை 'பி'க்கு, அதாவது 'பார்க்' நிலைக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அணைந்தது. சாவி 'ஏசிசி' வரை வந்து நின்றுவிட்டது. அடுத்த கட்டமான 'லாக்' வரை போனால்தான் அது கையோடு வரும். போகவில்லை. நாலைந்து முறை ஆட்டியபின், ஒன்றுமே நடக்காததுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அது என்னை மறக்கவில்லை என்று தெரிந்தது. அன்று இரவு என்ன செய்தும் வரவில்லை. சாவியை உள்ளேயே விட்டு, மாற்றுச் சாவியால் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனேன். 'ஏசிசி' என்றால் ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, களைப்பு. காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, இப்போது சாவி இன்னும் உறுதியாக மாட்டிக்கொண்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் 'பி'யில் இல்லாமல் சாவியை எடுக்க முடியாதபடி ஒரு தடை இருக்கும். அமெரிக்காவின் 114ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி இதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது. சில கார்களில் அந்தத் தடை ஒரு கேபிள், சிலவற்றில் சொலினாய்டு, அதாவது மின்சாரத்தால் நகரும் சிறு தாழ். என்னுடையது மின்சாரம் கிடைத்தால் மட்டும் வழிவிடும் ரகம். பேட்டரி போனால் அதுவும் போயிற்று.

கையேட்டை முதன்முறையாகப் பொறுமையாகப் படித்தது அன்றுதான். ஸ்டீயரிங் தண்டின் உறைக்கு அடியில், குனிந்து தலையைத் திருப்பினால்தான் தெரியும் ஒரு சிறு துளை. பேனா முனையை அதில் விட்டு மேலே அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். வந்துவிட்டது! அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு மாதம், காரை நிறுத்தும்போதெல்லாம் ஒரு கையில் பேனா, ஒரு கையில் சாவி என்றே வாழ்ந்தேன். பெருமையாகச் சொல்லவில்லை. பேனாவால் அழுத்தும்போது நாம் தாண்டுவது பாதுகாப்புத் தடையை. ஒருநாள் லிவர் 'ஆர்'இல் (ரிவர்ஸில்) இருப்பதைக் கவனிக்காமல் சாவியை உருவிவிட்டேன். கால் பிரேக்கை விட்டதும் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. கைப்பிரேக்கை இழுத்த வேகத்தில் தோள்பட்டை வலித்தது. மறுநாளே பணிமனைக்குப் போனேன்.

அங்கே சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டு தேய்ந்துவிட்டது சார், மாற்ற வேண்டும்" என்றார்கள். சாவிக்கொத்தின் கனமும் காரணம் என்றார்கள். பூட்டுக்குள் சாவியின் பற்களுக்கேற்ப ஏறி இறங்கும் மெல்லிய தகடுகள் உண்டு. தேய்ந்த சாவியும் தொங்கும் கனமும் அவற்றைக் கெடுக்கும் என்பது உண்மைதான். கனத்தால் வேறு விபரீதமும் உண்டு: 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பப் பெற்ற சுமார் 26 லட்சம் கார்களில், ஓடும்போதே சாவி 'ஏசிசி'க்கு நழுவி இன்ஜின் அணையலாம், ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம் என்ற குறை இருந்தது. அதைப் படித்தபின் வீட்டுச் சாவிகளைக் கழற்றிவிட்டேன். பூட்டையும் மாற்றச் சம்மதித்தேன்.

பதினோராம் நாள், அதே 'ஏசிசி'. அதே பேனா.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. கியர் லிவரை 'பி'யில் வைத்து, பிறகு விரலால் இன்னும் சற்று முன்னால் நெருக்கி, "கேளுங்கள்" என்றார். ஸ்டீயரிங் அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம், சாவித் தடை விலகும் சத்தம். விரலை எடுத்தார், மறுபடி 'டிக்', தடை திரும்பிவிட்டது. லிவருக்கு அடியில், 'பி' வந்துவிட்டது என்று தகவல் சொல்லும் மைக்ரோ ஸ்விட்ச் சரியாக அழுந்தவில்லை. டாஷ்போர்டில் 'பி' என்று எரிவதை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். என் காரில் அந்த விளக்குக்குத் தகவல் வருவது வேறு இடத்திலிருந்து.

அவர் சொல்லித்தந்த கணக்கு எளிது. சாவி எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். 'ஏசிசி'யில் நின்றால் சந்தேகம் கியர் பக்கம். 'லாக்' வரை வந்தும் வெளியே வராவிட்டால் பூட்டையோ சாவியையோ பாருங்கள். அதற்குக் கிராஃபைட் போன்ற உலர் மசகு போதும், எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பிசுக்காகும். தேய்ந்த சாவியைப் பார்த்தே நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும் என்பதால், சாவியின் எண்ணைக் கொடுத்து வெட்டச் சொல்வது நல்லது. சாவி திரும்பவே மறுத்தால், முக்கால்வாசி நேரம் ஸ்டீயரிங் பூட்டு இறுகியிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். பலம் மட்டும் எதிலும் கூடாது. சாவி உள்ளே முறிந்தால் கதை வேறு.

நகக்கண் அளவுள்ள அந்த ஸ்விட்சை மாற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது. சாவி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் முதல் பணிமனை பொருத்திய புதிய பூட்டு கதவுப் பூட்டோடு சேரவில்லை. கெடாத பூட்டை மாற்றியதற்காக, கதவுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று இன்றும் இரண்டு சாவி சுமக்கிறேன். இருட்டில் முதலில் கைக்கு வருவது எப்போதும் தவறான சாவிதான்.