நாய்க்கு முடி வெட்டும் கிட்: மெஷின் தேறும், சீப்புதான் கவிழ்க்கும்

நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்டுவதற்கென்று விற்கும் கம்பியில்லா கிட்களில் பெயர்தான் வேறு வேறு. பெட்டியைத் திறந்தால் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: கைக்குள் அடங்கும் ஒரு கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்), எவ்வளவு நீளம் முடியை விட்டு வெட்டுவது என்பதற்காக அதன் முனையில் மாட்டும் 3, 6, 9, 12 மில்லிமீட்டர் அளவில் நான்கு பிளாஸ்டிக் கைடு சீப்புகள், ஒரு கத்தரிக்கோல், ஸ்டீல் சீப்பு, நகவெட்டி, அரம், சார்ஜ் கேபிள். ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, சின்ன பூடில் போல முடி வளர்ந்துகொண்டே போகும் சிறிய நாய்க்கு இது போதும். பெரிய உடம்பும் அடர்ந்த முடியும் உள்ள நாய்க்கு மோட்டார் திணறும். பாதி முதுகு முடிவதற்குள் பிளேடு சுட ஆரம்பித்துவிடும். ஹஸ்கி, பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி இரட்டை அடுக்கு முடி உள்ளவற்றின் உடம்பை மழிக்க இதையும் வாங்க வேண்டாம், வேறு எதையும் வாங்க வேண்டாம். மழித்த இடத்தில் முடி திட்டுத்திட்டாக வரலாம், மாதக்கணக்கில் வராமலும் போகலாம். பொமரேனியனில் இந்தத் தொல்லை அதிகம். அவற்றுக்கு உள்முடியை வாரி எடுக்கும் பிரஷ்தான் சரி.

முதலில் மெஷின். இதுதான் பெட்டியிலேயே உருப்படியான பொருள். சத்தம் குறைவு, அதிர்வு குறைவு. முதல் தடவை வெட்டப்படும் நாய்க்கு இது பெரிய விஷயம். நிலையான பிளேடு ஸ்டீல், நகரும் பிளேடு செராமிக். செராமிக் மெதுவாகத்தான் சூடேறும், ஆனால் ஒரு தடவை தரையில் விழுந்தாலே பல் உடையலாம். உடைந்த பல்லோடு ஓட்டினால் அந்த இடைவெளியில் தோல் போய் மாட்டும். ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பல்வரிசையைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். நகரும் பிளேடின் பல்நுனி, நிலையான பிளேடின் பல்நுனியைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இரண்டும் சமமாக நின்றாலோ, நகரும் பிளேடு முன்னால் வந்துவிட்டாலோ, அது முடியோடு தோலையும் வெட்டும். "புதுசா இருந்தப்போ நல்லா இருந்துச்சு, கழுவின பிறகு நாய்க்குக் கீறல் விழுது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இனி கைடு சீப்புகள். கிட்டின் பலவீனமே இங்கேதான். பிளாஸ்டிக் மெலிசு, கொக்கி தளர்வு. வெட்டும் நடுவில் சீப்பு கழன்றால் மெஷின் நேராகத் தோல்மட்டத்துக்கு இறங்கி, முதுகில் ஒரு பாதை போட்டுவிடும். மாட்டியதும் கட்டை விரலால் பின்பக்கம் அழுத்தி, இரண்டு பக்கமும் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, சீப்பு மாட்டிய மெஷின் சிக்குக்குள் போகவே போகாது. சிக்கின் மேல் ஏறி நிற்கும், முடியை இழுக்கும், நாய் துள்ளும், பழி பிளேடின் மேல் விழும். இந்தக் கிட்களைப் பற்றி வரும் "மொட்டை பிளேடு, வெட்டவே மாட்டேங்குது" என்ற திட்டில் பெரும்பகுதி சிக்கெடுக்காத முடியால் வருவது.

ஆகவே வேலை ஸ்டீல் சீப்பில் தொடங்குகிறது. முடியை வரி வரியாகப் பிரித்து, தோல் தெரியும்படி ஒரு கோடு எடுத்து, அங்கிருந்து நுனிவரை வார வேண்டும். மேலாக பிரஷ் ஓட்டினால் மேலே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் கம்பளியாய்ப் படிந்திருக்கும். ஸ்டீல் சீப்பைத் தோல்வரை இறக்கி இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் குளியல். சிக்கோடு நனைத்தால் காயும்போது அது இன்னும் இறுகும். ஷாம்பு நாய்க்கானதாக இருக்கட்டும், மனிதத் தோலின் அமிலத்தன்மை வேறு. முழுக்கக் காயவைத்து, திரும்ப ஒரு வாரு வாரி, பிறகு மெஷின். ஈர முடி ஒட்டிக்கொள்ளும், வெட்டு படிக்கட்டாக விழும்.

முதல் தடவை 12 மில்லிமீட்டர் சீப்போடு தொடங்குங்கள். குறைக்க எப்போதும் முடியும், ஒட்டவைக்க முடியாது. கழுத்துப் பின்புறத்திலிருந்து வால் பக்கமாக, முடி படியும் திசையிலேயே. எதிர்த்திசையில் ஓட்டினால் அதே சீப்பு இன்னும் ஒட்ட வெட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிளேடை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் வயிற்றுக்கும் சுடும்.

வெட்டுப்படும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: அக்குள், பின்தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே தொங்கும் மெல்லிய தோல், காதின் வெளி ஓரத்தில் கீழே சின்னப் பை போல இருக்கும் மடிப்பு. மூன்று இடத்திலும் தோலை மற்ற கையால் இழுத்துத் தட்டையாக்கிக்கொண்டு, மெஷினைப் படுக்கையாக ஓட்ட வேண்டும். முனையைக் குத்தவே கூடாது.

கிட்டில் வரும் கத்தரிக்கோல் வீண். முனை கூர்மை, வெட்டோ மழுங்கல், இரண்டும் தப்பான பக்கத்தில். கண்ணோரத்துக்கும் பாதத்துக்கும் முனை உருண்ட கத்தரிக்கோல் ஒன்றைத் தனியாக வாங்குவது நல்லது. இறுகிய சிக்கைக் கத்தரியால் வெட்டவே வேண்டாம். சிக்கு தோலைத் தூக்கிப் பிடித்திருக்கும், எது முடி எது தோல் என்று தெரியாது. கைடு சீப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பிளேடைச் சிக்குக்கும் தோலுக்கும் நடுவே மெல்ல நுழைத்துச் சிக்கை முழுசாக எடுத்துவிட வேண்டும். காதில் கம்பளியாகப் படிந்த சிக்கு என்றால் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடலாம். எடுத்த பிறகு நாய் தலையை உதறி உதறியே காதுமடலில் ரத்தம் கட்டிக்கொள்வது உண்டு.

நகவெட்டி பரவாயில்லை, சிறிய நாய்க்கு. பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டை நம்ப வேண்டாம். நகத்துக்குள் ரத்தநாளம் எங்கே முடிகிறது என்பது தகட்டுக்குத் தெரியாது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தலாம். கறுப்பு நகத்தை ஒரு மில்லிமீட்டர் சீவல்களாகத்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டிய முகத்தைப் பாருங்கள்: முதலில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்து இருக்கும், நடுவில் ஈரப்பசையோடு ஒரு கறுப்புப் புள்ளி எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். தப்பி ரத்தம் வந்தால் ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர், இல்லையென்றால் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். முன்காலின் உள்பக்கம் மேலே இருக்கும் ஒற்றை நகம் தரையில் தேயாது. விட்டுவிட்டால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கும்.

எண்ணெய்ப் புட்டி சில கிட்களில் இருக்காது, இருந்தாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிளிப்பர் எண்ணெய் தனியாக வாங்கி, முடியைத் தட்டிய பிறகு பற்களில் இரண்டு சொட்டு, பக்க ஓரங்களில் ஒவ்வொரு சொட்டு விட்டு, பத்து விநாடி ஓடவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் பிசினாகிப் பிளேடை ஒட்டவைத்துவிடும். பேட்டரியைச் சுத்தமாகத் தீரும்வரை ஓட்டி, அப்படியே மாதக்கணக்கில் அலமாரியில் போட்டால் அது சீக்கிரம் கெடும். பாதி சார்ஜில் வைத்து எடுத்து வையுங்கள். வாங்கும் முன் அந்த மாடலுக்கு மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காத மாடல் என்றால், பிளேடு மழுங்கிய அன்றைக்கு முழுக் கிட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.