எஸ்ஆர்வி ரெக்கார்டோடு சில வருடங்கள்

சொந்த டொமைனில் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த மெசேஜிங் முறையில் ஓடும் ஒரு சாட் சர்வரும், பையனுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வரும் சில வருடங்களாக ஓட்டுகிறேன். இணையதளம் ஒரு ஹோஸ்டிங்கில், சாட் ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்), கேம் வீட்டு மினி பிசியில். ஆனால் எல்லோருக்கும் சொல்வது ஒரே டொமைன் பெயர்தான். அதற்கு, டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் இருக்கும் எஸ்ஆர்வி ரெக்கார்டுகளே காரணம்.

ஏ ரெக்கார்ட் ஐபி முகவரியோடு நின்றுவிடும். எஸ்ஆர்வி, எந்தச் சேவை எந்த மெஷினில், எந்தப் போர்ட்டில் (அந்த மெஷினில் சேவைக்கான வாசல் எண்) என்பது வரை சொல்லும். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2782 என்ற இணையத் தர ஆவணத்தின் அமைப்புதான் இன்றைக்கும்: அண்டர்ஸ்கோரோடு சேவைப் பெயர், அண்டர்ஸ்கோரோடு புரோட்டோகால், பிறகு பிரையாரிட்டி, வெயிட், போர்ட், டார்கெட். பிரையாரிட்டியில் சின்ன எண் முந்தும். ஒரே பிரையாரிட்டி உள்ள சர்வர்களுக்குள் சுமையைப் பிரிக்கும் வெயிட் என் அளவுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

போடுவது சுலபம், ரெக்கார்டுகளை எழுதும் டிஎன்எஸ் பேனல்தான் படுத்தும். ஒன்றில் சேவை, புரோட்டோகால், பெயர் எல்லாம் தனித்தனிக் கட்டம். இன்னொன்றில் மொத்தமும் ஒரே கட்டம். முழு டொமைனையும் அடித்தால் சில பேனல்கள் அதையே பின்னால் இன்னொரு தடவை ஒட்டிவிடும். டார்கெட்டின் கடைசிப் புள்ளியும் அப்படித்தான்: ரெக்கார்டுகள் இருக்கும் ஸோன் ஃபைலை நேரடியாக எழுதினால் கட்டாயம் வேண்டும், பேனலில் ஆளுக்கொரு நியாயம். அதனால் சேமித்த கையோடு டிஎன்எஸ்ஸைக் கேட்கும் ‘டிக்’ கட்டளையில் பார்த்துவிடுவேன். டார்கெட் சிநேம் (இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) ஆக இருக்கக் கூடாது. ஏ அல்லது குவாட் ஏ (ஐபிவி6 முகவரிக்கானது) உள்ள பெயராக இருக்க வேண்டும். நடுவில் இணையதளத்துக்கான இடைசர்வராக வெப் பிராக்ஸி போட்டிருந்தால் அந்தப் பெயருக்கு அதை அணைக்க வேண்டும், சாட்டின் 5222 போர்ட் அதன் வழியே போகாது.

பலருக்கும் குழப்பம் தருவது, சர்வர் யார் என்று நிரூபிக்கும் டிஎல்எஸ் சான்றிதழ். எக்ஸ்எம்பிபியில் கிளையன்ட் (நாம் பயன்படுத்தும் சாட் ஆப்) சரிபார்ப்பது முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் டொமைனை. எஸ்ஆர்வி காட்டும் மெஷின் பெயரை அல்ல. டிஎன்எஸ் பதிலை யாராவது மாற்றி வேறு சர்வருக்குத் திருப்பினாலும் ஏமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் வேறு, சாட் சர்வர் வேறு என்றால் சான்றிதழ் வாங்க, டொமைன் நம்முடையது என்று டிஎன்எஸ் ரெக்கார்டால் காட்டும் சரிபார்ப்புதான் தலைவலி இல்லாதது.

இதன் அருமை விபிஎஸ் மாற்றியபோது தெரிந்தது. முந்தின நாளே டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 3600-இலிருந்து 300-க்கு இறக்கிவிட்டு, டேட்டாவை நகர்த்தி, கிளையன்ட்டுக்கான 5222, சர்வர்களுக்கிடையிலான 5269 இரண்டு ரெக்கார்டிலும் டார்கெட்டை மாற்றினேன். யார் போனிலும் எதையும் தொடவில்லை. மைன்கிராஃப்ட்டை 25565-லிருந்து வேறு போர்ட்டுக்குக் கொண்டுபோனதும் பையனின் நண்பர்களுக்குத் தெரியாது.

குறை என்றால், எஸ்ஆர்வியைப் பார்ப்பதும் பார்க்காததும் கிளையன்ட் இஷ்டம். மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் பார்க்கும், அதன் இன்னொரு பதிப்பான பெட்ராக் பார்க்காது. அந்தப் பிள்ளைகள் போர்ட்டைக் கையால்தான் அடிக்கிறார்கள். பிரவுசர்கள் கண்டுகொள்வதே இல்லை. அவற்றுக்கென்று 2023-இல் ஆர்எஃப்சி 9460 வழியே எச்டிடிபிஎஸ் ரெக்கார்ட் தனியாக வந்தது. பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு இணைப்பையும் எஸ்ஆர்வி காப்பாற்றாது. மெயிலுக்கும் எஸ்ஆர்வி போட 2011-லேயே ஆர்எஃப்சி 6186 உண்டு. மெயில் படிக்கும் ஐமேப்புக்கு 993, அனுப்ப 587 என்று நானும் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் புதுப் போன் வந்தால் அந்த எண்களை இன்னமும் நான்தான் தட்டுகிறேன்.