16, 18, 21: கப்பலில் பெரியவர்கள் பகுதிக்கு எந்த வயதுக் கோடு நம் குடும்பத்துக்குச் சரிவரும்?

மே மாத லீவில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து சொகுசுக் கப்பல் ஏறும் மதுரைக் குடும்பங்கள் இப்போது உண்டு. மகனோ மகளோ டெக்சாஸ் பக்கம் வேலையில் இருந்தால், பார்க்கப் போகும் அப்பா அம்மாவும் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறி ஒரு சுற்று போய் வருகிறார்கள். புக் செய்யும்போது எல்லாரும் விசாரிப்பது கேபினில் ஜன்னல் உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதைத்தான். பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதிக்குள் எத்தனை வயதிலிருந்து விடுவார்கள், அந்த வயது ஆகாத பிள்ளைக்கு வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆச்சி, தாத்தா, கல்லூரி போகும் பையன், பிளஸ் டூ முடித்த பெண், எட்டாம் வகுப்புப் பொடிசு என்று ஒரே படையாகப் போகிறவர்கள் நாம். நமக்குத்தான் இந்தக் கேள்வி முக்கியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றால் ஏ சான்றிதழ் படம், பெரியவர்களுக்கு மட்டும் என்றால் டாஸ்மாக் பார். வேறு எதையும் நாம் பார்த்ததில்லை. அதனால் கப்பலில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்றதும், குடும்பத்தோடு போகிற இடத்தில் இது எதற்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது ஒரு அமைதியான குளம், வெந்நீர்த் தொட்டி, நிழல், வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், அவ்வளவுதான். பக்கத்தில் பார் இருக்கும், அது கப்பலில் எல்லா இடத்திலும் இருக்கிறது. மூட்டுவலியோடு வந்திருக்கும் ஆச்சி, யாரும் தலைமேல் குதிக்காத தண்ணீரில் காலை நனைத்து உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்கு அந்தக் கப்பலில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் அதிகம் பார்ப்பது ராயல் கரீபியன் கப்பல்களை. இவர்களுடைய பெரியவர்கள் பகுதிக்கு சோலாரியம் என்று பெயர். 16 வயது ஆனால் உள்ளே போகலாம், தனிக் கட்டணம் இல்லை. ஸ்பெக்ட்ரம், ஓவேஷன் போன்ற பெரிய கப்பல்களில் இது முன்பக்கம் கண்ணாடிக் கூரைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் குளங்களோடு இருக்கும், வெயிலும் காற்றும் நேராக அடிக்காது. 16 என்பது நமக்கு வசதியான எண் என்றுதான் முதலில் தோன்றும். பிளஸ் ஒன் முடித்த பிள்ளை அம்மாவோடு போய் உட்காரலாம், குடும்பம் பிரிய வேண்டாம். ஆனால் சித்தப்பா மகள் 16, பெரியம்மா மகன் 15 என்று வரும்போது இதே எண் ஒரே கூட்டமாகத் திரியும் பிள்ளைகளை நடுவில் வெட்டிவிடுகிறது. இன்னொன்று, 16 வயதுப் பிள்ளைகள் அமைதியை நாடி அங்கே வருவதில்லை. மேல்தளத்துக் குளத்தில் இடமில்லை என்பதால் கூட்டாளிகளோடு வருகிறார்கள். மதிய நேரத்தில் அப்படி ஏழெட்டுப் பேர் வெந்நீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டால் அந்த இடத்துக்கும் மேல்தளத்துக்கும் வித்தியாசம் இருக்காது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, விதிப்படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதே நிறுவனம் பஹாமாஸ் தீவான கோகோகேயில் 2024-ல் திறந்த ஹைட்அவே பீச்சுக்கு 18 வைத்திருக்கிறது. கப்பலுக்குள் 16, தீவில் 18. ஒரே பயணத்தில் முந்தாநாள் உள்ளே விட்ட பிள்ளையை இன்றைக்குக் கடற்கரை வாசலில் நிறுத்துவார்கள். அமெரிக்கா பக்கம் ஏறுகிறவர்கள் இதைப் பிள்ளையிடம் முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது.

கார்னிவல் கப்பல்களில் கோடு 21-ல் இருக்கிறது. அவர்களுடைய செரினிட்டி என்ற பகுதிக்கும் கட்டணம் இல்லை, ஆனால் 21 ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1984-ல் வந்த மத்திய சட்டத்தைத் தொடர்ந்து எல்லா மாநிலங்களிலும் மது வாங்கும் வயது 21 ஆனது. அந்த எண்ணையே இங்கேயும் வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. தாத்தா பாட்டிக்கு இது சொர்க்கம், சந்தேகமே இல்லை. அமைதி என்று பார்த்தால் 21 வைத்த இடம்தான் ஜெயிக்கும். எனக்குள்ள வருத்தம் 18, 19, 20 வயதுப் பிள்ளைகளைப் பற்றி. கார்னிவலில் பதின்வயதினருக்கு இரண்டு தனி இடங்கள் உண்டு: 12 முதல் 14 வரை சர்க்கிள் சி, 15 முதல் 17 வரை கிளப் ஓ2. பதினெட்டு ஆனதும் அந்த வாசல் மூடிவிடும், செரினிட்டி வாசல் திறக்க இன்னும் மூன்று வருடம். கல்யாணப் பந்தியில் பிள்ளைகள் வரிசையிலும் சேர்க்காமல் பெரியவர்கள் வரிசையிலும் சேர்க்காமல் வாசலில் நிற்கவைப்பதற்கு ஒப்பானது இது. இத்தனைக்கும் பெரும்பாலான பயணங்களில் அதே 18 வயதுப் பையன் கேசினோவில் உட்கார்ந்து காசு வைத்து ஆடலாம்! சூதாட விடுவார்கள், சாய்வு நாற்காலியில் படுத்துப் புத்தகம் படிக்க விடமாட்டார்கள். இதை எந்த வகையிலும் என்னால் ஏற்க முடியவில்லை. 18 ஆனவர் ஓட்டுப் போடுகிறார், கப்பல் டிக்கெட்டுக்கும் முழுக் கட்டணம் கட்டுகிறார்.

ஆனாலும் கார்னிவலை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 12 முதல் 17 வரைக்கும் பார்த்தால் அவர்கள் செய்திருக்கும் பிரிவு ராயல் கரீபியனைவிட நல்லது. ராயலில் 12 முதல் 17 வரை பொதுவாக ஒரே பிரிவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளையையும் பிளஸ் டூ பிள்ளையையும் ஒரே அறையில் விட்டால் பெரியவன் முதல் நாளோடு வருவதை நிறுத்திவிடுவான். வருவதை நிறுத்தியவன் எங்கே போவான்? பெரியவர்கள் பகுதிக்குத்தான்.

டிஸ்னி இதை நன்றாக யோசித்திருக்கிறது, என் பார்வையில் வயது விஷயத்தில் இவர்கள்தான் முதலிடம். பெரியவர்கள் குளமான கொயட் கோவ் 18 வயதுக்கு மேல். அதற்குக் கீழே 11 முதல் 14 வரை எட்ஜ், 14 முதல் 17 வரை வைப். இரண்டிலும் 14 இருப்பதைக் கவனியுங்கள்; எந்தப் பக்கம் போவது என்பதை அந்த வயதுப் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேல் 18 முதல் 20 வரை உள்ளவர்களுக்கென்று 1820 சொசைட்டி என்ற பெயரில் தனியாக நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். ஆக எந்த வயதுப் பிள்ளைக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. கப்பலில் கேசினோவும் கிடையாது. ஒரே குறை விலை. நடுத்தரக் குடும்பம் நான்கு கேபின் எடுக்கிறது என்றால் தாங்காது.

காசு கொடுத்து அமைதியை வாங்கும் வழியும் இருக்கிறது. நார்வீஜியன் கப்பல்கள் பலவற்றில் வைப் பீச் கிளப், பிரின்சஸ் கப்பல்களில் சாங்சுவரி. இரண்டும் 18 வயதுக்கு மேல், இரண்டுக்கும் தனிக் கட்டணம், உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கையும் குறைவு. கட்டணம் இருப்பதால் வாசலில் கண்டிப்பாக ஆள் நிற்பார், அதனால் விதி விதியாகவே இருக்கும். தாத்தாவும் பாட்டியும் மட்டும் போய் உட்காரப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். குடும்பத்தில் ஆறு பெரியவர்களுக்கும் எடுப்பது வீண்செலவு.

முழுக் கப்பலுமே பெரியவர்களுக்கு என்றும் உண்டு. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங்கின் கடல் கப்பல்கள், பிரிட்டனில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்கேடியா, அரோரா. பிள்ளைகள் இல்லாமல் கணவன் மனைவி மட்டும் போனால் பார்க்கலாம், நம் கூட்டுக் குடும்பப் பேச்சுக்கு இது வராது. சென்னையில் ஏறுகிறவர்களுக்குக் கார்டீலியாவின் எம்ப்ரஸ். 1990-ல் கட்டி முன்பு ராயல் கரீபியனில் ஓடிய கப்பல், கொள்ளளவைக் குறிக்கும் மொத்த டன் கணக்கில் சுமார் 48,500. அதே கணக்கில் ஸ்பெக்ட்ரம் 1,68,000-ஐத் தாண்டும். சிறிய கப்பலில் வயதுக்கொரு குளம் கட்ட இடமே இருக்காது என்பதால், பெரிய கப்பல்களின் படங்களைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு ஏற வேண்டாம்.

எண் எதுவாக இருந்தாலும் வாசலில் யார் நிற்கிறார் என்பதுதான் கடைசியில் தீர்மானிக்கும். கட்டணமில்லாத பகுதிகளில் பலகை மட்டும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார், யாராவது போய்ப் புகார் சொன்னால்தான் ஊழியர் வந்து கார்டைக் கேட்பார். இங்கே நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் ஆறடி இருக்கிறான், பார்த்தால் பெரியவன் போலத்தானே இருக்கிறான், அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவான் என்று அந்த ஊழியரிடம் கெஞ்சாதீர்கள். அவர் மணிலாவிலிருந்தோ மங்களூரிலிருந்தோ வந்து மாதக்கணக்கில் வீட்டை விட்டு வேலை பார்க்கிறவர். உங்கள் பிள்ளையை விட்டால் அடுத்த குடும்பம் அவரைத்தான் பிடிக்கும். அதைவிட, எல்லார் முன்னாலும் எழுப்பி அனுப்பப்படும் அந்தப் பிள்ளைக்கு ஏற்படும் கூச்சம் பயணம் முடியும் வரை போகாது. முதல் நாளே உனக்கு இது கிடையாது, உனக்கு அது இருக்கிறது என்று சொல்லி அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

இங்கேதான் பெண் பிள்ளைகள் விஷயம் வருகிறது. பதினைந்து வயது மகளைப் பதின்வயதினர் கிளப்புக்குத் தனியாக அனுப்ப நம் வீடுகளில் தயங்குகிறார்கள். ஆண் பிள்ளைகளும் இருப்பார்களே, ராத்திரி வரை நடக்குமே என்ற பயம். விளைவு, அண்ணன் கிளப்புக்குப் போவான், பெரியவர்கள் சோலாரியம் போவார்கள், அவள் மட்டும் கேபினில் போனை வைத்துக்கொண்டு கிடப்பாள். இவ்வளவு பணம் கட்டி அவளைக் கடல் நடுவே ஓர் அறையில் அடைப்பது நியாயமே இல்லை. அந்த இடங்களை நடத்துவது அதற்கென்று நியமித்த ஊழியர்கள், மது கிடையாது, பெரியவர்கள் உள்ளே வந்து உட்கார முடியாது. ராயலிலும் கார்னிவலிலும் 17 வயது வரை உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் இரவு 1 மணிக்கு மேல் பொது இடங்களில் திரியக்கூடாது என்ற விதியும் உண்டு. முதல் நாள் மாலை அறிமுகக் கூட்டம் நடக்கும்போது அம்மா கூடவே போய் ஊழியரிடம் பேசிவிட்டு, நம் வீட்டுக்கென்று பத்து மணி என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இப்படித்தான். பிள்ளைகள் எல்லாரும் 15-க்குக் கீழே என்றால் கார்னிவல், தாத்தா பாட்டிக்கு 21-ன் அமைதி முழுசாகக் கிடைக்கும். கல்லூரி போகும் பிள்ளை ஒருவர் இருந்தாலும் கார்னிவல் வேண்டாம். கையில் பணம் இருந்தால் டிஸ்னி, இல்லாவிட்டால் ராயல். சிங்கப்பூரிலிருந்து என்றால் ராயல் போதும், ஆனால் 16 ஆகாத பிள்ளை ஒருவர் மட்டும் தனித்து நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும்: ராயலில் மது வயது வட அமெரிக்காவில் புறப்படும் கப்பலில் 21, ஆசியாவில் புறப்படுவதில் 18. தமிழ்நாட்டில் 21 என்று பழகிய நமக்கு, சிங்கப்பூர் கப்பலில் 19 வயதுப் பையன் கையில் பீர் சட்டப்படியே வரலாம் என்பது ஏறிய பிறகு தெரியவேண்டிய செய்தி இல்லை.

தேதியையும் பாருங்கள். வயதைக் கணக்கிடுவது பொதுவாகக் கப்பல் புறப்படும் நாளை வைத்து. நாம் போவதோ பிளஸ் டூ பரீட்சை முடிந்த மே மாதத்தில், பிள்ளைக்கு 17 முடியும் தறுவாயில். மே 20 கப்பலில் 17, மே 27 கப்பலில் 18 என்று ஆகும் பிள்ளை இருந்தால் ஒரு வாரம் தள்ளி எடுக்க ஏஜென்டிடம் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியைத்தான் பார்ப்பார்கள், ஜாதகத்தை இல்லை.