சார்மத் கடற்கரையின் குட்டி அம்மோனைட்: மூன்றில் எது?

இங்கிலாந்தின் டார்செட் கரையில், சார்மத் ஊருக்கு முன்னால் கூழாங்கற்களுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சுருள் கிடைக்கிறது. அது அம்மோனைட், அதாவது அழிந்துபோன ஒரு கடல் உயிரினத்தின் ஓட்டுப் புதைபடிவம். பைரைட் (பொன்போல் மின்னும் இரும்புக் கனிமம்) ஏறி மினுமினுக்கிறது. பெரும்பாலும் அது ப்ரோமைக்ரோசெராஸ், எக்கியோசெராஸ், குட்டி ஆஸ்டெரோசெராஸ் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றும் ஜுராசிக்கின் தொடக்கப் பகுதியான சினிமூரியன் காலத்தவை, அதாவது சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவை.

நிறத்தை நம்பாதீர்கள், பைரைட் எந்த இனத்திலும் ஏறும். அளவும் ஏமாற்றும். பைரைட் படிவங்களில் பெரும்பாலும் உட்சுற்றுகள் மட்டும்தான் மிஞ்சும், அதனால் கையில் இருப்பது பெரிய அம்மோனைட்டின் நடுப்பகுதியாகக்கூட இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது வெளிவிளிம்பைத்தான். கல்லைச் செங்குத்தாகப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பக்கத்தில் எழும்பி நிற்கும் வரிமேடுகள் விளிம்பில் நிற்காமல் அந்தப்பக்கம் வரை ஓடுகின்றனவா? ஓடும்போது தட்டையாகி அகலமாகின்றனவா? விளிம்பின் நடுவில் வரம்பு (சுற்றுவாக்கில் ஓடும் மேடு) ஏதும் இல்லையா? அப்படியானால் அது ப்ரோமைக்ரோசெராஸ். வளர்ந்ததே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். சாமர்செட்டின் மார்ஸ்டன் மாக்னா சலவைக்கல்லில் கொத்துக் கொத்தாகத் தெரிவதும் இதுதான்.

எக்கியோசெராஸ் பக்கவாட்டில் பார்க்க இதைப் போலவே இருக்கும். குழப்பம் எல்லாம் இங்கேதான். ஆனால் விளிம்பின் நடுவே தாழ்வான ஒரு வரம்பு ஓடும், வரிமேடுகள் அதைத் தாண்டாது. சுற்றுகளும் அதிகம். பாம்பு சுருண்டு கிடப்பது போல ஒன்றன்மேல் ஒன்று அதிகம் ஏறாமல் அடுக்கியிருக்கும். வரிமேடுகள் நேராக, இடைவெளி விட்டு நிற்கும்.

ஆஸ்டெரோசெராஸிலும் வரம்பு உண்டு, ஆனால் அதன் இருபுறமும் ஆழமில்லாத பள்ளம் இருக்கும். சுற்றுகள் வேகமாகப் பருக்கும், எண்ணிக்கையில் குறைவு. இது குட்டியா, வளர்ந்ததா என்று பார்க்க அறைச்சுவர்த் தையல்கோடுகள் (உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர்கள் ஓட்டோடு சேரும் கோடுகள்) தெரிந்தால் உதவும். வளர்ந்த அம்மோனைட்டில் கடைசிக் கோடுகள் நெருங்கி வரும். குட்டியில் சீராக இருக்கும்.

இந்த மூன்றைத் தவிர, அர்னியோசெராஸ் என்ற இன்னொரு அம்மோனைட்டிலும் வரம்பும் இரு பள்ளங்களும் உண்டு. நடுச்சுற்றுகள் வழுவழுப்பாக இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால் வேலை சுலபம். ப்ரோமைக்ரோசெராஸும் ஆஸ்டெரோசெராஸும் ஒப்டூசம் மண்டலம் என்ற அடுக்குத் தொகுதியில் சேர்ந்தே வரும், எக்கியோசெராஸ் அதற்கு மேலே ரேரிகோஸ்டேட்டம் மண்டலத்தில் வரும். ஆனால் கரையோரத்துப் பிளாக் வென் பாறைமுகடு சரிந்து எல்லாவற்றையும் கலந்துதான் கரையில் கொட்டுகிறது, எனவே உதிரியாகக் கிடைத்ததற்கு இந்தச் சான்று பயன்படாது.

விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தால் நான் பெயர் வைப்பதில்லை. "சினிமூரியன் அம்மோனைட், சார்மத்" என்று மட்டும் சீட்டில் எழுதி, தேதி போட்டு வைத்துவிடுவேன்.