பில்லில் எட்டரை, ஹெட்டில் ஒன்பதரை: பழைய கார் என்ஜின் வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்ஜினைப் பிரிக்கக் கொடுங்கள்.

என்னுடையது பிரீமியர் பத்மினி, 1089 சி.சி. அப்பா ஓட்டிய வண்டி. புகை தள்ளி, ஆயில் குடிக்க ஆரம்பித்ததால் கோவையில் பழைய கார் வேலைக்குப் பேர் வாங்கிய ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், வால்வு, ஹெட் ஃபேசிங் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் அடிமுகத்தைத் தேய்த்துச் சமமாக்குவது) எல்லாம் சேர்த்து ஒரு தொகை பேசியிருந்தோம். பில்லில் அதற்கு மேல் "கம்ப்ரஷன் செட்டிங்" என்று தனியாகக் காசு போட்டு, பக்கத்தில் 8.5 என்று எழுதியிருந்தார்கள். பிஸ்டன் பெட்ரோல் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்று சொல்லும் கம்ப்ரஷன் ரேஷியோ அது.

சமதரையில் வண்டி நன்றாகவே ஓடியது. பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. 27 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலே என்ஜினுக்குள் கலகலவென்று இரும்புச் சத்தம். இதுதான் நாக்கிங், அமுக்கம் அதிகமாகிப் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும் சத்தம். அதோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் உடையும், ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போகும்.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஏனுங்ணா, இப்ப வர்ற பெட்ரோல் அப்படிங்க. எத்தனால் கலக்கறாங்கல்ல, அதானுங்க" என்றார் அங்கிருந்த மெக்கானிக். இது சுத்தப் பொய். எத்தனாலால் பழைய ரப்பர் குழாய்க்கும் கார்புரேட்டர் வாஷருக்கும் கெடுதல் உண்டு. ஆனால் அது ஆக்டேனை (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனை) ஏற்றும், நாக்கிங்கைக் குறைக்கும். அப்புறம் பிளக்குகளுக்குத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது, கூடவே இழுவையும் போனது. பல்லடம் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. தீப்பொறி தாமதமாக வந்தால் சூடு எக்ஸாஸ்ட் பக்கம் ஏறும். நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைத்துவிட்டார்கள்.

சரி, இந்த 8.5 எப்படி வந்தது என்று கேட்டேன். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார்களாம், 125 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியதாம், காற்றழுத்தம் 14.7 என்பதால் வகுத்தார்களாம். எட்டரை!

தயவுசெய்து இந்தக் கணக்கை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கேஜ் காட்டுவது அழுத்தம். பேட்டரி பலமாக இருந்தால் ஒரு எண், சோர்ந்திருந்தால் ஒரு எண். த்ராட்டில் மூடியிருந்தால் குறையும், புது ரிங் இன்னும் படியாமல் இருந்தால் குறையும். பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பிய பிறகும் இன்லெட் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும், அதிலும் குறையும். அமுங்கும் காற்று சூடாவதால் ஏறும். கம்ப்ரஷன் ரேஷியோ இவை எதற்கும் மாறாது. அது வெறும் கொள்ளளவுக் கணக்கு: பிஸ்டன் கீழே இருக்கும்போது மேலுள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும். அளந்தால்தான் தெரியும், ஊகித்தால் தெரியாது.

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஹெட்டைக் கழற்றி என் கண்முன்னே அளந்து காட்டினார். வால்வையும் பிளக்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, சேம்பர் (ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலுள்ள குழி) விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளை போட்ட அக்ரிலிக் தகட்டை மேலே ஒட்டினார். அந்தத் துளை வழியாக அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயான ப்யூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டார். முதல் சிலிண்டர் 26.5 சி.சி. பிடித்தது. நான்காவது 28.5. ஒரே ஹெட்டில் இரண்டு சி.சி. வித்தியாசம் என்றால் ஹெட்டைச் சாய்வாக வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அவர் முகம் சுருங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. பம்பும் மோட்டாரும் செய்து ஊர் ஊராக அனுப்பும் கோவையில் இப்படி ஒரு வேலை!

மிச்சக் கணக்கு இது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75 மி.மீ. சிலிண்டரின் உள்விட்டமான போர் கம்பெனி அளவில் 68, ரீபோருக்குப் பிறகு 69. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் இடம் 272.4 சி.சி.யிலிருந்து 280.4 ஆகிவிட்டது. போர் பெருத்தாலே ரேஷியோ கொஞ்சம் ஏறும் என்பதையே அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. கேஸ்கெட் துளை 70 மி.மீ., இறுகிய பிறகு கனம் 1.2 மி.மீ., அது 4.6 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளாக் முகத்துக்கு அரை மி.மீ. கீழே இருந்தது, அது 1.9. பிஸ்டன் தலை தட்டை, அதனால் கூட்டல் கழித்தல் இல்லை. முதல் சிலிண்டரில் மிஞ்சும் இடம் மொத்தம் 33 சி.சி. 280.4-உடன் 33-ஐக் கூட்டி 33-ஆல் வகுத்தால் 9.5. நான்காவதில் 9. எட்டரை வேண்டுமென்றால் 37.4 சி.சி. மிஞ்சியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கென்று குறைந்த ரேஷியோவில் செய்த என்ஜினை ஒன்பதரைக்கு ஏற்றிவிட்டு, அதற்குத் தனியாகக் காசும் வாங்கியிருக்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆகவே ஹெட்டைப் பூட்டும் முன் நான்கு சேம்பர் அளவையும் எழுதிக் கேளுங்கள். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் ஹெட்டின் உயரத்தை இரு முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட விடாதீர்கள், இறுகிய கனம் அதில்தான் தெரியும். "கேஜ்ல பாத்தாச்சுங்க" என்று பதில் வந்தால் வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். தேய்த்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கனமான கேஸ்கெட் போட்டு ரேஷியோவை இறக்கலாம்தான், ஆனால் சாய்வாகத் தேய்த்ததை அது சரிசெய்யாது. எனக்கு வேறொரு பழைய ஹெட் தேடி வாங்க வேண்டியதாயிற்று.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். 8.5 என்று அவர்கள் கைப்பட எழுதிய பில்லும், பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த அளவுத் தாளும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. பில் இல்லாமல் வேலைக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கி வையுங்கள்.