பாலைவனத்துக்கு எதில் போவது: டிரெய்லரா, மோட்டார்ஹோமா, காரும் மோட்டலுமா?

கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் டான்டிஸ் வியூ என்று ஒரு மலைமுகடு இருக்கிறது. 5,000 அடிக்கும் மேலே நின்றுகொண்டு, கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புப் பாளத்தை நேராகக் குனிந்து பார்க்கலாம். அந்தச் சாலையில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான டிரெய்லரோடும் ஏறக்கூடாது. பல வண்ணப் பாறைகளுக்கு நடுவே வளைந்து செல்லும் ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலைக்கும் அதே 25 அடி வரம்புதான். அமெரிக்க மேற்குப் பாலைவனங்களுக்குக் குடும்பத்தோடு போக எந்த வண்டி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாடகை, சொகுசு, பெட்ரோல் எல்லாம் பிறகு. பெரிய வண்டியை எங்கே நிறுத்திவிட்டுச் சிறிய வண்டியில் ஏறப்போகிறீர்கள்?

டிரெய்லரின் பலம் இந்தக் கேள்வியில்தான் தெரியும். முகாம் தளத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டால் கையில் இருப்பது சாதாரணக் கார். கட்டில் விரித்தபடியே இருக்கலாம், பாத்திரம் அடுப்பிலேயே இருக்கலாம், காலையில் கதவைப் பூட்டிவிட்டு டான்டிஸ் வியூவுக்குப் போய்வரலாம். மோட்டார்ஹோமில் வீடும் வண்டியும் ஒன்றே. பத்து மைல் தள்ளி இருக்கும் மணற்குன்றைப் பார்ப்பதற்கும் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி, மின்கம்பியைச் சுருட்டி, அலமாரிக் கதவுகளைத் தாழிட்டு, கழுவாத தட்டுகளை எங்காவது திணித்துவிட்டுக் கிளம்பவேண்டும். அப்படிக் கிளம்பிப் போனாலும் சில இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். மான்யுமென்ட் வேலியில் நவஹோ மக்களின் பூங்காவுக்குள் இருக்கும் 17 மைல் மண்சாலை மோட்டார்ஹோமுக்குக் கிடையாது. பணம் கொடுத்து ஜீப்பில் போகவேண்டியதுதான்.

சயான் தேசியப் பூங்காவின் சுரங்கப்பாதை இன்னொரு உதாரணம். 1930-இல் திறந்தது, ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான நீளம். 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிகள் தங்கள் பாதிக்குள் அடங்காமல் நடுக்கோட்டில்தான் போகமுடியும். இவற்றுக்காக எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்திக் கட்டணம் வாங்கிவந்த பூங்கா நிர்வாகம், 2026-இன் நடுப்பகுதியிலிருந்து இந்த அளவு வண்டிகளைச் சுற்றுவழியில் அனுப்பப்போவதாக அறிவித்தது. டிரெய்லர்களில் பலவும் இதில் மாட்டும். ஆனால் டிரெய்லரைப் பூங்காவின் வாட்ச்மேன் முகாம் தளத்தில் விட்டுவிட்டுக் காரில் சுரங்கத்தைக் கடந்து மறுபக்கம் போய்வரத் தடையில்லை.

இவ்வளவு சொன்னதால் டிரெய்லர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த லாபம் ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்குபவர்களுக்குத்தான். நம்மவர்கள் பலர் போடும் திட்டம் வேறு மாதிரி: ஒரு வாரத்தில் லாஸ் வேகஸ், சயான், பிரைஸ், பேஜ், கிராண்ட் கேன்யன், திரும்பி வீடு. ஒவ்வோர் இரவும் ஓர் ஊர். இதற்கு டிரெய்லரை இழுப்பது வீண் வேலை. தினமும் பின்னோக்கி ஓட்டிச் சமதளம் பார்த்து நிறுத்துவதிலும், கழற்றி மாட்டுவதிலும் மாலையும் காலையும் போய்விடும். கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் மணிக்கு 55 மைல்தான் சட்டம். சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து லாஸ் வேகஸ் வரை சுமார் 570 மைல். எங்கும் நிற்காமல் போனாலே பத்து மணி நேரத்துக்கு மேல். அப்படிப்பட்ட திட்டத்துக்குக் காரும் மோட்டலும்தான் பொருத்தம், செலவும் பெரும்பாலும் குறைவு.

எடைக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்கள் வழுக்குவது இங்கேதான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் நேரத்தில்தான் பெரிய பயணம் போடுகிறோம். ஆக, ஆறு பேர். "எங்கள் எஸ்.யூ.வி. 5,000 பவுண்டு இழுக்கும்" என்று விற்பனைத் தாளைக் காட்டுகிறார்கள். இழுக்கும், சரி. சுமக்குமா? ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும்: பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. அது 1,400 என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 4,800 பவுண்டு என்றால், ஆடாமல் வருவதற்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அமரவேண்டும். 12 சதவீதம் என்றால் 576. அதுவும் அந்த 1,400-க்குள்தான் சேர்த்தி. பெரியவர்கள் நால்வர் தலைக்கு 160 வீதம் 640, குழந்தைகள் இருவரும் சேர்ந்து 120. கூட்டினால் 1,336. மிச்சம் 64 பவுண்டு. எடையைப் பகிர்ந்து ஆட்டத்தைக் குறைக்கும் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவி ஒன்றே அதைத் தின்றுவிடும். அரிசிப் பைக்கு இடமில்லை.

டிரெய்லரின் எடை என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காலி எடை. 40 காலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டு ஏறும். கணக்குப் போட வேண்டியது தயாரிப்பாளர் விதித்த அதிகபட்ச மொத்த எடையை வைத்து. சியன்னா, ஒடிஸி போன்ற மினிவேன்களின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு அதில் குடும்ப டிரெய்லர் இழுக்க நினைக்கவே வேண்டாம். தாத்தா பாட்டியை டிரெய்லரிலேயே படுக்கவைத்து அழைத்துப்போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஓடும் டிராவல் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் நான் அனுமதிக்கமாட்டேன்.

ஆறு பேர் என்றால் மோட்டார்ஹோம் பக்கம் தராசு சாய்கிறது. எல்லோருக்கும் சீட் பெல்ட்டோடு இருக்கை, எடைக் கணக்கில் தாராளம், இழுத்துப் பழகவேண்டிய அவசியமும் இல்லை. விமானத்தில் லாஸ் வேகஸ் வந்து இறங்கி, வீட்டையும் கூடவே ஓட்டிப்போக நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி, ஏனென்றால் சாதாரண வாடகைக் கார்களில் எதையும் இழுக்க நிறுவனங்கள் பொதுவாக விடுவதில்லை. நாள் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கவேண்டாம்; மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு மணிக்கு இவ்வளவு, படுக்கை விரிப்புக்கும் பாத்திரத்துக்கும் இவ்வளவு என்று பில் நீளும். எரிபொருளில் மோட்டார்ஹோமும் டிரெய்லர் இழுக்கும் காரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலனுக்குப் பத்து மைலை ஒட்டி எதிர்பார்க்கலாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: டிரெய்லரை மாட்டினால் ஒரே சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகும், பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நிறுத்த இடமிருக்காது. பாலைவனத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

இனி வெயிலும் மலையும். பாலைவனம் என்றால் தட்டையான மணல்வெளி என்ற எண்ணத்தோடு வருபவர்களை மரணப் பள்ளத்தாக்கின் 190-ஆம் எண் சாலை திருத்திவிடும். கடல் மட்டத்தில் இருக்கும் ஸ்டோவ்பைப் வெல்ஸிலிருந்து டவுன் பாஸ் கணவாய்க்கு இருபது மைலுக்குள் கிட்டத்தட்ட 5,000 அடி ஏற்றம். எஞ்சின் சூடாகாமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளை இத்தகைய ஏற்றங்களில் வைத்திருக்கிறார்கள். பாட்டியும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் காரில் ஏசியை அணைத்துப் பாருங்கள். மறுபக்க இறக்கம் இன்னும் கடினம். கீழ் கியரில் இறங்கவேண்டும், டிரெய்லரின் மின்பிரேக்கைக் காரிலிருந்தே இயக்கும் கருவி கட்டாயம் வேண்டும். வாடகைக்கு எடுக்கும் டிரெய்லரில் நான் முதலில் பார்ப்பது டயரைத்தான். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். வெயிலில் நின்றே கிழடான டயர் பார்வைக்குப் புதிதாகத்தான் தெரியும். காற்றையும் மறக்கக்கூடாது. பாம் ஸ்பிரிங்ஸ் அருகே சான் கொர்கோனியோ கணவாயில் அத்தனை காற்றாலைகளை அழகுக்காக நட்டு வைக்கவில்லை. பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் டிரெய்லர்காரர் அன்று நகராமல் இருக்கவேண்டும். மோட்டல்காரர் மெதுவாகவாவது போய்ச் சேர்ந்துவிடுவார்.

இரவுத் தங்கலில் மூன்றும் வேறுவேறு உலகம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள இடம் தேசியப் பூங்காக்களுக்குள் அரிது. மரணப் பள்ளத்தாக்கின் ஃபர்னஸ் கிரீக் தளத்தில் அப்படிப்பட்டவை 18தான். ஜோஷுவா ட்ரீ பூங்காவில் எங்குமே மின் இணைப்பு இல்லை. பெரும்பாலான தளங்களில் குழாய்த் தண்ணீரும் இல்லை. அங்கே ஜெனரேட்டரைக் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஓட்டலாம். அதாவது இரவில் ஏசி கிடையாது. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இது பொருட்டே இல்லை. ஜூலையில் மரணப் பள்ளத்தாக்கின் பகல் வெப்பம் சராசரியாகவே 46, 47 டிகிரி செல்சியஸ். 1913-இல் பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் உலகச் சாதனை. கோடையில் அங்கே போகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மோட்டலைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

சாப்பாட்டில் மட்டும் சக்கரத்தில் ஓடும் சமையலறைக்கு ஈடில்லை. பீட்டி, டோனோபா போன்ற நெவாடாவின் சிற்றூர்களில் சைவம் சாப்பிடும் பெரியவர்களை வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாடு தேடுவது உருளைக்கிழங்கு வறுவலில்தான் முடியும். ரசமும் சோறும் இருந்தால் அப்பாவின் முகமே வேறு. ஆனால் கழுவும் நீர் சேரும் தொட்டி சிறியது. இட்லித் தட்டுகளையும் குக்கரையும் வீட்டில் கழுவுவதுபோலக் கழுவினால் இரண்டே நாளில் நிரம்பிவிடும். மாவை இங்கே புளிக்கவைக்க வேண்டியதில்லை, புளிக்காமல் காப்பதுதான் பாடு.

வானம் பார்ப்பதிலும் மோட்டல் தோற்கிறது. நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் நேரத்தில், தூங்கி விழும் குழந்தைகளைப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு இருட்டுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி அறைக்குத் திரும்பவேண்டும்.

நால்வர் குடும்பம், சுமக்கும் திறனுள்ள பெரிய கார், குளிர்காலம், ஓரிடத்தில் சில நாட்கள்: இவ்வளவும் பொருந்தினால் என் ஓட்டு டிரெய்லருக்கு. இழுக்கத் தயக்கம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தனியாரிடமிருந்து வாடகைக்கு எடுக்க உதவும் இணையதளங்களில், உரிமையாளரே டிரெய்லரைக் கொண்டுவந்து முகாம் தளத்தில் நிறுத்தி, இணைப்பு கொடுத்து, கடைசி நாளில் வந்து எடுத்துப்போகும் ஏற்பாடு உண்டு. நீங்கள் எந்தக் காரிலும் போய்ச் சேரலாம். ஆறு பேர் என்றால் மினிவேனிலேயே போகலாம், எடைக் கணக்கு அவருடைய தலைவலி. பூங்காவுக்குள் இப்படிக் கொண்டுவந்து நிறுத்துவதற்குச் சில இடங்களில் உரிமையாளர் தனி அனுமதி வைத்திருக்கவேண்டும். முன்பணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.